பூவன் பழமும் ஓட்ஸும் சேர்த்துச் சுட்ட காலைச் சாப்பாடு

ஆர்டருக்கு கேக் போடுவதுதான் என் வேலை. பாபநாசத்தில் வீட்டிலிருந்தே செய்கிறேன். பிறந்தநாள், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று வாரக்கடைசி வந்தால் ஓடிஜி என்கிற மின் அடுப்பு அணையவே அணையாது. ஞாயிறு ராத்திரி, எல்லா ஆர்டரும் போன பிறகு, கடைசியாக ஒரு டின் உள்ளே போகும். அது வீட்டுக்கு. அதில் மைதா இல்லை, வெண்ணெய் இல்லை, சர்க்கரையும் இல்லை. ஓட்ஸ், நன்றாகக் கனிந்த பூவன் பழம், கொய்யா, பேரீச்சை, பால், ஒரு முட்டை, அவ்வளவுதான். வாரத்தின் முன்பாதியில் என் மாமியாருக்குக் காலைச் சாப்பாடு இதுதான். கேக் வாங்க வருகிறவர்கள் வாசனை பிடித்து "இது என்னக்கா?" என்று கேட்கிறார்கள். மலச்சிக்கலுக்காகச் செய்வது என்று தெரிந்ததும் "எங்கம்மாவுக்கும் வேணும்" என்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸப்பில் தட்டிக்கொண்டிருப்பதை விட இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன்.

அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது. மூட்டு வலி, பிரஷர், தைராய்டு எல்லாவற்றையும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் தாராளமாகச் சொல்வார். மலச்சிக்கலை மட்டும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். "வயிறு ஒரு மாதிரியா இருக்கும்மா" என்பதோடு சரி. இரண்டு இட்லியில் ஒன்றை ஒதுக்கி வைப்பார், "காபி போதும்" என்பார், மத்தியானம் குழம்பு சோறு பாதியிலேயே கையைக் கழுவிவிடுவார். அதை வைத்துத்தான் நாம் புரிந்துகொள்ள வேண்டும். எங்கள் பக்கம் வயதான பெண்கள் நிறைய பேர் இப்படித்தான் இருக்கிறார்கள். வெளிக்குப் போகாமல் நாள் கணக்கில் கஷ்டப்படுவார்கள், பெற்ற மகளிடம் கூடச் சொல்ல மாட்டார்கள். ராத்திரி எழுந்து கொல்லைப்பக்கம் போக வேண்டுமே, விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரையும் நிறுத்திவிடுவார்கள். போதாக்குறைக்கு இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை. இவையும் மலத்தை இறுக்கக்கூடியவைதான். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் குடல் மந்தமாகிவிடும்.

கும்பகோணத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். ரத்தப் பரிசோதனை எடுத்துப் பார்த்துவிட்டுப் பயப்பட ஒன்றுமில்லை என்றார். முதலில் சாப்பாட்டில் நார்ச்சத்தைக் கூட்டுங்கள், தண்ணீரைக் கூட்டுங்கள், கொஞ்சம் நடக்கச் சொல்லுங்கள், அப்புறமும் சரியாகவில்லை என்றால் மருந்தைப் பார்க்கலாம் என்றார். நார்ச்சத்து என்றால் கீரை, பழம் என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும் என்பதுதான் தெரிவதில்லை. பெரியவர்களுக்குக் குறைந்தது 25 கிராம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுத் தட்டைப் பார்த்தேன். வடித்த வெள்ளைச் சோறு 100 கிராமில் நார் ஒரு கிராம் கூட வராது. மூன்று வேளையும் சோறும் இட்லியும் தோசையும்தான். தொட்டுக்கொள்ள ஒரு கரண்டி பொரியல். 25 எங்கே, நாங்கள் எங்கே!

அத்தை கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த காலத்தில் நிலைமை வேறு. காலையில் பழைய சோறும் நீராகாரமும், சுண்டவைத்த குழம்பு. தவிடு முழுசாகப் போகாத அரிசி. தோட்டத்துக் கீரை, வாழைப்பூ, வாழைத்தண்டு. அறுவடைக்குக் கொஞ்சம் முன்னால் நெல் வயலில் தெளித்த உளுந்தும் பயறும் வீட்டிலேயே இருக்கும். தோலோடுதான் எல்லாம் வேகும். நடவு, களையெடுப்பு என்று நாள் முழுக்க வயலில் குனிந்து நிமிர்ந்த உடம்பு. இப்போது அரிசி பளபளவென்று தீட்டி வருகிறது, உடம்பு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறது. டெனிஸ் பர்கிட் என்று அயர்லாந்துக்காரர் ஒருவர், உகாண்டாவில் பல வருஷம் அறுவைச் சிகிச்சை நிபுணராக இருந்தவர். அங்கே நாட்டுப்புறத்து மக்களிடம் மலச்சிக்கலும் குடல் நோய்களும் அபூர்வமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, தீட்டாத தானியமும் கிழங்கும் காயுமாக அவர்கள் சாப்பிடும் சாப்பாட்டில் இருக்கும் நார்தான் அதற்குக் காரணம் என்று 1970-களில் ஊர் ஊராகப் பேசினார். அத்தையின் இளமைக்காலச் சாப்பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும்.

சரி, அப்படியானால் பழைய சாப்பாட்டுக்கே திரும்பிவிடலாமே, ஓட்ஸ் எதற்கு என்று கேட்பீர்கள். திரும்பியிருக்கிறோம். வாழைத்தண்டுக் கூட்டும் கீரையும் மத்தியானத்தில் கட்டாயம் உண்டு. ஆனால் காலை வேளைதான் இடித்தது. அத்தைக்கு இப்போது பழைய சோறு சளி பிடிக்கிறது என்று ஒரு எண்ணம், தொடவே மாட்டார். கேழ்வரகுக் கூழ் கொடுத்தேன், வேண்டாம் என்றார். ஓட்ஸ் கஞ்சியும் கொடுத்தேன். டம்ளரைப் பார்த்துவிட்டு, "எனக்கு என்ன காய்ச்சலா, கஞ்சி குடிக்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. எங்கள் வீடுகளில் கஞ்சி என்றால் நோயாளிக்குத்தான். வயதாகிவிட்டது என்பதற்காக ஒரு மனுஷியைத் தினமும் காலையில் நோயாளியாக உட்காரவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தட்டில் வைத்து, பிட்டு, மென்று சாப்பிடுகிற மாதிரி ஒரு பண்டமாக இருக்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. அடுப்பு கையில் இருக்கிறது, சுட்டுப் பார்த்தேன்.

ஓட்ஸைக் கையில் அள்ளிப் பார்த்ததும் அத்தை கேட்ட முதல் கேள்வி, "இது மாட்டுக்குப் போடுறது இல்லையா?" வயல்காரக் கண் தப்பாது. வட இந்தியாவில் ஓட்ஸைப் பசுந்தீவனமாகத்தான் நிறையப் பயிரிடுகிறார்கள். குளிர்காலப் பயிர் அது, நம் பக்கத்து மண்ணுக்கும் வெயிலுக்கும் வராது. கடையில் கிடைப்பது தானியத்தை உமி நீக்கி, ஆவியில் வேகவைத்து, உருளையில் தட்டையாக நசுக்கியது. நம் அவல் மாதிரியேதான் என்று சொன்னதும் அத்தை சமாதானமாகிவிட்டார். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 'ரோல்டு ஓட்ஸ்' என்று போட்டிருக்கும் முழு இதழ் ஓட்ஸ்தான் இதற்கு வேண்டும். இரண்டு நிமிடத்தில் வேகும் என்று விற்கிற இன்ஸ்டன்ட் ஓட்ஸைப் பொடியாக நறுக்கி மெலிதாக நசுக்கியிருப்பார்கள். டின்னில் போட்டால் களியாகிவிடும், ரத்தத்தில் சர்க்கரையையும் சீக்கிரம் ஏற்றும். மசாலா ஓட்ஸ் பக்கமே போக வேண்டாம்.

முழு இதழ் ஓட்ஸை ஒரு கிண்ணத்தில் போட்டு வெதுவெதுப்பான பால் ஊற்றிக் கால் மணி நேரம் கழித்து விரலை விட்டுப் பாருங்கள். பால் கெட்டியாகி வழவழவென்று இருக்கும். விரலைத் தூக்கினால் மெல்லிசாக இழுபடும். அந்த வழவழப்புக்குப் பெயர் பீட்டா-குளூக்கான். தண்ணீரில் கரையும் நார் அது. 100 கிராம் ஓட்ஸில் மொத்த நார் 10 கிராம் அளவில் இருக்கும், அதில் ஏறக்குறைய 4 கிராம் இதுதான். குடலுக்குள் போய்த் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு மலத்தை இளக்கும். பித்த அமிலத்தையும் பிடித்துக்கொண்டு வெளியே போவதால், கல்லீரல் புதிதாகப் பித்தம் சுரக்க ரத்தத்தில் இருக்கும் கொழுப்பை எடுத்துச் செலவழிக்கிறது. கெட்ட கொலஸ்டிரால் குறைவது அப்படித்தான். தினம் 3 கிராம் பீட்டா-குளூக்கான் இதயத்துக்கு நல்லது என்று ஓட்ஸ் பாக்கெட்டில் எழுதிக்கொள்ள 1997-லேயே அமெரிக்க அரசு அனுமதித்தது. பெருங்குடலுக்குப் போனால் அங்கே குடியிருக்கும் நல்ல நுண்ணுயிர்களுக்கு இதுதான் தீனி. அவை இதைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற சின்னச் சின்னக் கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன. பெருங்குடலின் உள்சுவரில் இருக்கும் செல்களுக்கு முக்கியமான எரிபொருளே பியூட்டிரேட்தான். அடுப்புச் சூட்டில் இந்த நார் எங்கேயும் போய்விடாது.

இப்போது பழத்துக்கு வருகிறேன். இந்தப் பண்டத்துக்கு உயிர் பழத்தில்தான் இருக்கிறது. யூடியூபில் பார்த்தால் ப்ளூபெர்ரி, ராஸ்பெர்ரி என்று போடுகிறார்கள். அவர்கள் ஊரில் அது வேலியோரத்தில் காய்க்கிறது, போடுகிறார்கள். நமக்கு வாசலில் வாழை இருக்கிறது. கொள்ளிடக் கரையோரமும் திருவையாற்றுப் பக்கமும் தோட்டம் தோட்டமாக வாழைதான். வாழைக்கென்றே ஒரு தேசிய ஆராய்ச்சி மையத்தை 1993-ல் திருச்சியில் வைத்தார்கள் என்றால் சும்மாவா?

நான் போடுவது பூவன். அதில் ஒரு மெல்லிய புளிப்பு இருக்கிறது. சர்க்கரை போடாத பண்டத்துக்கு அந்தப் புளிப்பு ரொம்ப முக்கியம், இல்லாவிட்டால் திகட்டிவிடும். ரஸ்தாளி வெறுமனே சாப்பிட எனக்கு உயிர். ஆனால் அடுப்பில் அதன் வாசனை நிற்பதில்லை, மாவு மாதிரி உதிர்ந்தும் போகிறது. கற்பூரவள்ளி தேன் மாதிரி இனிப்பு. அத்தைக்கு இனிப்பு தூக்கலாக வேண்டும் என்று தோன்றும் வாரத்தில் பாதிப் பூவன், பாதிக் கற்பூரவள்ளி போடுவேன். சில கற்பூரவள்ளியில் மிளகளவு கறுப்பு விதை இருக்கும், மசிக்கும்போது விரலில் தட்டுப்படும், எடுத்துவிடுங்கள். பச்சைப்பழம் என்கிற ரகத்தில் நீர் அதிகம், பாலைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

கனிவு எப்படி இருக்க வேண்டும் என்றால், தோலில் கரும்புள்ளி விழுந்து, காம்பு சுருங்கி, கையில் எடுத்தால் கொஞ்சம் தளர்ந்திருக்க வேண்டும். வீட்டில் யாரும் எடுத்துச் சாப்பிடாமல் சீப்பில் கடைசியாகத் தங்குமே, அந்தப் பழம். காயாக இருக்கும்போது வாழையில் செரிக்காத மாவுச்சத்து நிறைய. அதுவும் குடல் நுண்ணுயிர்களுக்குத் தீனிதான். கனியக் கனிய அது சர்க்கரையாக மாறிவிடுகிறது. நாம் தனியாகச் சர்க்கரை போடாததால் அந்த இனிப்பு நமக்கு வேண்டும். என் கணவர் தாராகக் கொண்டுவந்து கொல்லைக் கொட்டகையில் சாக்குப் போட்டு மூடி வைத்துவிடுவார், தானாகப் பழுக்கும். கடையில் வாங்குகிறவர்கள் காம்பைப் பாருங்கள். தோல் மட்டும் ஒரே மஞ்சளாக இருந்து காம்பு பச்சையாக விறைத்துக்கொண்டு நின்றால், அவசரமாகப் பழுக்கவைத்த பழம். இன்னும் சில நாள் வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

நார் என்று பார்த்தால் வாழையை விடக் கொய்யா பெரிய ஆள். 100 கிராம் வாழைப்பழத்தில் இரண்டரை கிராம் நார் என்றால், கொய்யாவில் 5 கிராமுக்கு மேல். தோலைச் சீவாதீர்கள். ஆனால் அத்தைக்குப் பல்செட், கொய்யா விதை அதற்கடியில் போய் உட்கார்ந்தால் உயிர் போகும். அதனால் பழத்தை நான்காக வகுந்து, நடுவில் இருக்கும் விதைப் பகுதியைக் கரண்டியால் வழித்து வேறாக வைத்துவிட்டு, சதையையும் தோலையும் மட்டும் பொடியாக நறுக்கிப் போடுகிறேன். வழித்த விதைப் பகுதியைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கரைத்து வடிகட்டினால் வாசனையான சாறு கிடைக்கும். அதையும் பாலோடு சேர்த்துக்கொள்ளலாம்.

பப்பாளி போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள், மலச்சிக்கலுக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதானே. தனியாகச் சாப்பிடுங்கள், இதில் வேண்டாம். பப்பாளியில் பப்பைன் என்று ஒரு நொதி இருக்கிறது. பாலில் இருக்கும் புரதத்தை அது உடைத்துவிடும், கலவை ஊறுகிற நேரத்துக்குள் கசந்துபோகும். வேகவைக்காத அன்னாசிக்கும் இதே குணம்தான்.

அளவு சொல்கிறேன். 8 அங்குலச் சதுர டின்னுக்கு 2 கப் ஓட்ஸ், அதாவது 180 கிராம். பூவன் பழம் உரித்த பிறகு 300 கிராம், பழத்தின் அளவைப் பொறுத்து நான்கோ ஐந்தோ வரும். பால் ஒன்றரை கப். நாட்டுக்கோழி முட்டை ஒன்று. நடுத்தர அளவில் ஒரு கொய்யா. கொட்டை எடுத்த பேரீச்சை ஒரு கைப்பிடி, பொடியாக நறுக்கியது. வறுத்துப் பொடித்த ஆளி விதை 2 மேசைக்கரண்டி. வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, அத்தைக்காக ஒன்றிரண்டாகப் பொடித்தது. பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, ஏலக்காய் மூன்று தட்டிப் போட்டது. நல்லெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. நெய்யும் ஊற்றலாம், ஆனால் செக்கு நல்லெண்ணெய் வாசனைக்கும் பூவன் பழத்துக்கும் ஒரு பொருத்தம் இருக்கிறது. மேலே தூவ எள். புரட்டாசியில் வீட்டில் முட்டை கிடையாது. அப்போது ஆளி விதைப் பொடியில் ஒரு மேசைக்கரண்டி கூடுதலாக எடுத்து மூன்று மேசைக்கரண்டித் தண்ணீரில் கலந்து பத்து நிமிடம் வைப்பேன், கொழகொழவென்று ஆகும். முட்டைக்குப் பதில் அது. துண்டு கொஞ்சம் பொலபொலவென்று இருக்கும், ருசியில் வித்தியாசம் தெரியாது.

பழத்தைக் கையால் மசியுங்கள், மிக்ஸி வேண்டாம். அங்கங்கே கட்டி கட்டியாக இருந்தால்தான் வெந்த பிறகு பழம் வாயில் தட்டுப்படும். பால், முட்டை, எண்ணெய் சேர்த்து அடித்துக்கொண்டு ஓட்ஸைக் கொட்டி அரை மணி நேரம் ஊறவிடுங்கள். இந்த ஊறலைத் தாண்டிக் குதிக்காதீர்கள். ஊறாத ஓட்ஸ் வெந்தாலும் பல்லுக்குச் சவசவவென்று இருக்கும், வயதானவர்களுக்குச் செரிக்கவும் கஷ்டம். கொய்யா, பேரீச்சை, மற்றதெல்லாம் ஊறிய பிறகு. பேக்கிங் பவுடர் கடைசியில், டின்னில் ஊற்றுவதற்குக் கொஞ்சம் முன்னால். கலவை கேக் மாவை விடத் தளர்வாக, கரண்டியில் எடுத்தால் சொத்தென்று விழ வேண்டும்.

டின்னில் பட்டர் பேப்பர் போடுங்கள். மேல் ராடு, கீழ் ராடு இரண்டும் போட்டு 180 டிகிரியில் பத்து நிமிடம் சூடேற்றி, நடுத்தட்டில் வைத்தால் 35-லிருந்து 40 நிமிடம். ஓரம் டின்னை விட்டுப் பிரிந்து, மேலே எள் பொன்னிறமாகி, நடுவில் கையால் அழுத்தினால் அமுங்கி எழ வேண்டும். கேக்குக்குப் பார்க்கிற மாதிரி குச்சி சுத்தமாக வரும் என்று காத்திருக்காதீர்கள். பழம் இருக்கிறது, ஈரம் ஒட்டத்தான் செய்யும். எடுத்ததும் வெட்டினால் சரிந்துவிடும். அந்த வழவழப்பு இறுகி நிற்க அரை மணி நேரமாவது கொடுங்கள். ஓடிஜி இல்லாதவர்களும் கரண்ட் இல்லாத நாளும் குக்கரில் செய்யலாம். கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் உப்புப் பரப்பி ஸ்டாண்டு வைத்துப் பத்து நிமிடம் சூடேற்றி, குக்கருக்குள் போகிற வட்ட டின்னாக வைத்துச் சிறு தீயில் முக்கால் மணி நேரம் விடுங்கள். மேல்பக்கம் சிவக்காது, மற்றபடி குறையில்லை.

ஒரு டின்னை ஆறு துண்டு போடுகிறேன். ஓட்ஸ், பழம், ஆளி விதை, பேரீச்சை, கடலை எல்லாம் கூட்டினால் டின்னில் 40 கிராம் நார் வரும். துண்டுக்கு ஆறிலிருந்து ஏழு. நாள் கணக்கான 25-ல் கால்வாசி காலையிலேயே முடிந்துவிடுகிறது, மீதியைக் கீரையும் காயும் பயறும் பார்த்துக்கொள்ளும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் பழத்திலும் பேரீச்சையிலும் இருப்பது சர்க்கரைதான் என்பதை மறக்க வேண்டாம். பேரீச்சையை விட்டுவிட்டுக் கடலையைக் கூட்டிக்கொண்டு, ஒரு துண்டோடு நிறுத்துங்கள். என் கணவருக்கு அப்படித்தான் தருகிறேன்.

தயிர் சேர்த்துச் செய்தால் வயிற்றுக்கு இன்னும் நல்லதுதானே என்று ஒரு அக்கா கேட்டார். கலவையில் பாலுக்குப் பதில் மோர் ஊற்றலாம், மெத்தென்று வரும். ஆனால் தயிரில் உயிரோடு இருக்கும் நுண்ணுயிர்கள் அடுப்புச் சூட்டைத் தாங்காது. அந்த நன்மை வேண்டுமானால் தயிரைப் பக்கத்தில் வைத்துத் தொட்டுச் சாப்பிடுங்கள். அத்தை ஒரு கரண்டி கெட்டித் தயிரைத் துண்டின் மேலேயே போட்டுக்கொள்கிறார். பிரிட்ஜில் இருந்து எடுத்ததைத் தோசைக்கல்லில் ஒரு சொட்டு நெய் விட்டு இரண்டு பக்கமும் புரட்டிக் கொடுத்தால் ஓரம் மொறுமொறுவென்று ஆகிவிடும். எங்கள் வீட்டில் புதிதாக வெந்ததை விட இதற்குத்தான் போட்டி. பிரிட்ஜில் மூன்று, நான்கு நாள் நன்றாக இருக்கும். சித்திரை வெயிலில் வெளியே வைத்தால் சாயங்காலத்துக்குள் புளித்துவிடும்.

இனிமேல் சொல்வதைச் செய்முறையை விடக் கவனமாகப் படியுங்கள். நார் பழக்கமில்லாத வயிற்றுக்கு முதல் நாளே முழுத் துண்டு கொடுக்காதீர்கள். வயிறு ஊதி, காற்றுப் பிரிந்து, "இந்தச் சனியனே வேண்டாம்" என்று சொல்லிவிடுவார்கள். அரைத் துண்டில் ஆரம்பித்து ஒரு வாரம் பத்து நாளில் கூட்டுங்கள், உள்ளே இருக்கும் நுண்ணுயிர்களும் பழகிக்கொள்ள வேண்டும். அடுத்தது தண்ணீர். தண்ணீர் இல்லாமல் நாரை மட்டும் கூட்டினால் மலச்சிக்கல் இன்னும் மோசமாகும். எங்கள் வீட்டில் துண்டோடு ஒரு சொம்பு வெந்நீர், பதினொரு மணிக்கு நீர்மோர். ராத்திரிப் பயம் இருப்பதால் பகலிலேயே குடித்து முடித்துவிடுவது என்று அத்தையோடு ஒப்பந்தம். இதயம், கிட்னிக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடுங்கள். நார் அந்த மருந்தை உடம்பில் முழுசாகச் சேரவிடாது. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, நன்றாக இருந்த பழக்கம் திடீரென்று மாறுவது, இதெல்லாம் இருந்தால் ஓட்ஸையும் கொய்யாவையும் நம்பிக்கொண்டு உட்காராமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை இது.

அத்தைக்குப் பலன் தெரியச் சில வாரம் பிடித்தது. முதலில் அவராக ஒன்றும் சொல்லவில்லை. இட்லியை ஒதுக்குவது நின்றது, மத்தியானம் சோறு இறங்கியது, அப்புறம் ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் திண்ணையில் உட்கார்ந்து, "மருமக ஏதோ சுட்டுத் தர்றா, வயிறு லேசா இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாய்விட்டு இந்தப் பேச்சை அவர் எடுத்ததே எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. அந்தப் பெரியம்மாவும் அன்றைக்குத்தான் தன் கஷ்டத்தைச் சொன்னார். இப்போது ஒரு துண்டு அங்கேயும் போகிறது.

ஓட்ஸுக்குப் பதில் சிவப்பு அவல் போடலாமா என்று கேட்டவர்களுக்கு: பாதிக்குப் பாதி போட்டால் ருசி நன்றாக இருக்கிறது, ஆனால் அவலில் அந்த வழவழப்பு நார் இல்லை, வயிற்றுக்காகச் செய்கிறவர்கள் ஓட்ஸைக் குறைக்காதீர்கள். மாம்பழக் காலத்தில் பூவனில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு நார் ஓடிய நாட்டு மாம்பழச் சதையைப் பிழிந்து விடுவேன். ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரையில் படைத்துவிட்டு வரும்போது காப்பரிசியோடு கொய்யா, பேரிக்காய், விளாம்பழம், நாவல்பழம் என்று கூடை நிறையத் திரும்பி வருமே, அந்த வாரம் பேரிக்காயைத் தோலோடு நறுக்கிப் போடுங்கள். பேரிக்காயில் சார்பிட்டால் என்று ஒன்று இருக்கிறது, குடலுக்குள் தண்ணீரை இழுத்து மலத்தை இளக்கும். கொய்யா போட்ட டின்னை விட எங்கள் வீட்டில் இதற்குக் கேட்பவர்கள் அதிகம். விளாம்பழம் வெல்லத்தோடு தனியாக நன்றாக இருக்கும், சூட்டில் அதன் மணம் எனக்குப் பிடிக்கவில்லை. நாவல்பழம் மட்டும் போடவே வேண்டாம். கொட்டை எடுப்பதற்குள் விடிந்துவிடும், துவர்ப்பு வேறு. உப்புப் போட்டுக் குலுக்கி அப்படியே சாப்பிடுங்கள்.